செலின் சாலட்

சுத்திப் பாக்க வரலம்மா. சாலட் சாப்பிட வந்தேன்.

சிரிக்கிறே பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. பாண்டிச்சேரியிலேருந்து பஸ் மாறிப் பஸ் மாறி இந்த மலைக்கு வந்தது ஏரியைப் பாக்க இல்ல, படகுல போக இல்ல. ஒரு தட்டு சாலட். சாப்பிட்டாச்சு, இறங்கிக்கிட்டிருக்கேன். நீ எங்க, வத்தலக்குண்டா? நானும் அங்க இறங்கித்தான் திண்டுக்கல் பஸ் பிடிக்கணும். ஜன்னல் பக்கம் நீயே உக்காரு கண்ணு. அந்தப் பள்ளத்தைப் பாத்தா எனக்கு வயித்தைப் பிரட்டும். பேசிக்கிட்டே வந்தா தெரியாது. உனக்குத் தொந்தரவு இல்லயே?

என் பேரு அமலோற்பவம். முத்தியால்பேட்டையில வீடு. ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் லூசியன், பிரான்ஸ்ல இருக்கான். அவன் பேசறதில்ல. அங்கெல்லாம் வேலை ஜாஸ்தி. பொண்ணு பேரு செலின். அவ செய்யற சாலட்தான்.

பப்பாளிக்காய்ல செய்யறது. பழம் இல்ல, காய். நல்ல பச்சையா, தட்டினா கல்லு மாதிரி இருக்கணும். என் மாமனார் சைகோன்ல பிரெஞ்சுக்காரன் போலீஸ்ல இருந்தவர். அங்கேருந்து வந்தப்ப ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தப் பக்குவமும்தான் கொண்டாந்தார். காயை இடது கையில ஏந்திக்கிட்டு கத்தியால கொத்தணும். டக டகன்னு. அப்புறம் சீவினா நூல் நூலா விழும். உப்புல பிசிறிப் பிழிஞ்சு வெச்சு, பூண்டும் பச்சமிளகாயும் நசுக்கி, எலுமிச்சை, பனவெல்லம், வறுத்த வேர்க்கடலை. மேல சென்னாக்குனியை வறுத்துப் பொடி பண்ணித் தூவணும். பொடிசா இருக்குமே, காஞ்ச எறா, அதுதான். மாமனார் எம் புருஷனுக்குச் சொல்லிக் குடுத்தார். எம் புருஷன் சவரிநாதன் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் அப்பனும் பொண்ணும் அடுப்படியில நின்னு கொத்துவாங்க. என்னமோ பேசிச் சிரிச்சுக்குவாங்க. நான் உள்ள போனா நிறுத்திடுவாங்க.

நார்த்த இலை போடறது மட்டும் செலினோட கண்டுபிடிப்பு. எங்க கொல்லையில நார்த்த மரம் இருக்கு. கொழுந்தாப் பறிச்சு, நடு நரம்பை எடுத்துட்டு, மயிர் மாதிரி அரிவா. அவர் வாயில போட்டுப் பாத்துட்டு, "சைகோன்காரனுக்கே இது தெரியாது"ன்னு சொன்னார். அவளுக்கு அப்படியே முகம் பூத்துப் போச்சு.

நானா? நான் சாப்பிட்டதில்லம்மா. எனக்கு அந்தச் சென்னாக்குனி வாசனையே ஆகாது. ரெண்டு பேரும் தட்டை எடுத்துக்கிட்டு வெளிய போங்கன்னு சொல்லிடுவேன்.

அவ காலேஜ் சேந்த வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்துது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு. அப்புறம் அவ படிப்பை முடிச்சா. ஓட்டல் படிப்பு, கேட்டரிங். நான் டீச்சர் வேலைக்குப் படின்னேன், கேக்கல. கடற்கரைக்குப் போற தெருவுல ஒதேத்னு ஒரு அம்மா கஃபே வெச்சிருந்தா, அங்க சமையல் வேலைக்குச் சேந்தா. எம் பொண்ணு ஊரான் எச்சத் தட்டுக்கு மத்தியில நிக்கறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. ஆனா நான் ஒண்ணும் சொல்லல. காலைல அவ கிளம்பறப்ப மட்டும்தான் சொல்லுவேன்.

அந்தச் சமயத்துல ஒரு வரன் வந்துது. பிரான்ஸ் மாப்பிள்ளை. எங்க ஊர்ல அதுக்கு என்ன மதிப்பு தெரியுமா? பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கற பையன், சொந்த வீடு, குடி கிடையாது. கொஞ்சம் வயசு கூட, அவ்வளவுதான். மாப்பிள்ளையோட அத்தை ஜெனவியேவ் வீட்டுக்கே வந்து கேட்டாங்க. நான் சரின்னுட்டேன். செலின்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். சொன்னேன். "வேணாம்மா, எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு"ன்னா. வேலை பிடிச்சிருக்குன்னு எவளாவது பிரான்ஸ் மாப்பிள்ளையை வேணாம்பாளா? யாரோ ஒருத்தன் இருக்கான்னு எனக்குத் தோணிப் போச்சு. அந்தக் கஃபேயிலதான் இருக்கணும்.

போனேன். நேரா போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்னுதான் போனேன். மத்தியானம், ஜனம் நிறைய இருந்துது, வெள்ளைக்காரங்க வேற. நான் அடுப்படிக்குள்ள போனேன். அவ அந்தக் காயைத்தான் கொத்திக்கிட்டிருந்தா. கையைப் பிடிச்சு இழுத்தேன். இழுத்தேன்னா இழுக்கலம்மா, பிடிச்சேன். அவ கையில கத்தி இருந்துதில்ல, அது பட்டு அவ விரல்ல ரத்தம். அது என்னால இல்ல, அவ திமிறினதால. தட்டெல்லாம் விழுந்துது. அங்க ஒரு பையன் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தான், இவனாடின்னு கேட்டேன். ஒதேத் ஓடி வந்து, "அம்மா, உங்க பொண்ணு அவங்க அப்பா பேரைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தச் சாலட் செய்யுது, வேற ஒருத்தரும் இல்ல"ன்னா. அவளுக்கு என்ன தெரியும் எம் பொண்ணைப் பத்தி? அவளையும் நாலு கேட்டேன்.

செலின் ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வெச்சா. கையைக் கழுவினா. என்கூட வீட்டுக்கு வந்தா. அவ்வளவு அடக்கமான பொண்ணு.

அந்த வாரம் பூரா வீட்டுலதான் இருந்தா. நான் அவ சர்ட்டிபிகேட்டையெல்லாம் எடுத்து என் பீரோவுல வெச்சுப் பூட்டினேன், பத்திரமா இருக்கட்டும்னு. ஞாயித்துக்கிழமை, தலை வலிக்குது பூசைக்கு வரலன்னா. நான் போயிட்டு வந்து பாக்கறேன், ஆள் இல்ல. ரெண்டு துணி இல்ல, அவ அப்பாவோட கத்தி இல்ல. ஃபிரிஜ்ஜைத் திறந்தா ஒரு கிண்ணம், மேல தட்டு போட்டு மூடியிருந்துது. அந்தச் சாலட். எனக்காக வெச்சாளா, செஞ்சுட்டு மறந்துட்டாளா, தெரியல.

அன்னிக்குத்தான்மா முதல் தரம் சாப்பிட்டேன். நின்னுக்கிட்டே, ஃபிரிஜ் கதவைக்கூட மூடாம. புளிப்பு, அப்புறம் இனிப்பு, அப்புறம் அந்த இலை வாசனை மூக்கு வழியா ஏறுது பாரு... எல்லாம் போனப்புறம் காரம் வந்துது. கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டேன். சென்னாக்குனி வாசனை தெரியவே இல்ல. எவ்வளவு நாளா வீட்டுல இருந்துது, நான் தொடலயே.

அப்புறம் ஒரு சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. மத்தியான நேரத்துல, தெரு அடங்கினப்புறம், டக டகன்னு அடுப்படியில. போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. பக்கத்து வீட்டு ஒஃபேலியாகிட்ட கேட்டேன், நீ ஏதாவது கொத்தறியான்னு. இல்ல ஆன்ட்டின்னா. பூசைத் தண்ணியைத் தெளிச்சுப் பாத்தேன். சாமியார் வந்து மந்திரிச்சுட்டுப் போனார். நிக்கல. வீட்டுல இருந்தா கேக்குது, வெளிய போனா கேக்கல. அதனாலதான் வெளிய போக ஆரம்பிச்சேன். போய் என்ன செய்யறது? ஒரு கஃபேல உக்காந்தேன். பப்பாளிக்காய் சாலட் இருக்கான்னு கேட்டேன்.

ஒதேத் என்னை உள்ள விடமாட்டேன்னுட்டா. அது கிடக்கு. பாண்டியில கஃபேக்குப் பஞ்சமா? ஒரு இடத்துல கேரட்டையும் குடமிளகாயையும் சேத்து வெச்சிருந்தான், பப்பாளியைத் தேட வேண்டியிருந்துது. ஒரு இடத்துல அன்னாசிப் பழம் போட்டிருந்தான், பாயசம் மாதிரி தித்திப்பு. துணி நாப்கின் வெக்கற பெரிய ஓட்டல்ல கண்ணாடிக் கிண்ணத்துல கொண்டாந்தாங்க, மேல ஒரு பூ வேற. தேனை ஊத்தியிருக்கான். காயைத் துருவியிருக்கான்மா, கொத்தல! துருவினா அது தண்ணி விட்டுச் செத்துப் போயிடும். இதெல்லாம் நான் சொல்லிக் குடுத்தேன் அவங்களுக்கு. சமைக்கறவனைக் கூப்பிட்டு, நார்த்த இலை போடுன்னு சொன்னேன். நார்த்த இலைன்னா என்னன்னு கேக்கறான். கொல்லையிலேருந்து பறிச்சுக்கிட்டுப் போய்க் குடுத்தேன். பெரிசு பெரிசா கிள்ளிப் போட்டான். கசந்துது.

அப்பத்தான் புரிஞ்சுது எனக்கு. இந்தப் பக்குவத்தை வேற ஒருத்தரும் செய்ய முடியாது. எங்க அந்த ருசி இருக்கோ அங்க அவ இருப்பா.

ஒஃபேலியா மகாபலிபுரம் போயிட்டு வந்து சொன்னா, "ஆன்ட்டி, கடற்கரை ஓரத்துல ஒரு கஃபே, அங்க ஒரு சாலட், உங்க நார்த்த மர வாசனை அடிச்சுது"ன்னு. மறுநாளே போனேன். தட்டு வந்துது. ஒரு வாய் வெச்சதும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அவ கை! அழுதுட்டேன். ஆனா அவசரப்படல. அன்னிக்கு அவளைப் பாக்கவே இல்ல, சாப்பிட்டுட்டுத் திரும்பிட்டேன். மறுவாரம் ஜெனவியேவ் அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் நேர்ல வந்து கேட்டா மறுக்க முடியாதில்ல? நாங்க உக்காந்து சொல்லி அனுப்பினோம். வெயிட்டர் போனான், வந்தான், திரும்பப் போனான். அப்புறம் வந்து, "அவங்க பின்பக்கமா போயிட்டாங்க ஆன்ட்டி. ஏப்ரன்கூட கழட்டல"ன்னான். கடற்கரை வரைக்கும் ஓடிப் பாத்தேன். மணல்ல நடக்க எனக்கு முட்டி ஒத்துழைக்காது. அந்த வரன் அப்படியே போச்சு. அந்தப் பையனுக்கு இப்போ ரெண்டு குழந்தை.

அப்புறம் கோயம்புத்தூர். அங்க இருக்கற சொந்தக்காரங்க சொல்லித் தெரிஞ்சுது. பெரிய கஃபே, கண்ணாடிச் சுவரு. அங்க அவ நல்லா இருந்தா. எப்படித் தெரியும்னா, தட்டைப் பாத்தாலே தெரியும்மா. மிளகாய் அளவா இருந்துது, வெல்லம் அளவா இருந்துது. அவ நிம்மதியா இல்லன்னா காரம் தூக்கலாப் போட்டுடுவா, மகாபலிபுரத்துல அப்படித்தான் இருந்துது. இந்தத் தடவை தப்பு பண்ணக் கூடாதுன்னு நான் யாரையும் கூட்டிக்கிட்டுப் போகல. சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்கிட்டு, தினம் போய் ஓரமா ஒரு மேசையில உக்காந்தேன். ஒரு தட்டு சாலட் வாங்கிப் பொறுமையா சாப்பிடுவேன். அவ்வளவுதான். அவ தானா வெளிய வரட்டும்.

வரல. பரிமாறற பொண்ணு வந்து காதோட காதா, "செலின் அக்கா உங்களை வீட்டுக்குப் போகச் சொன்னாங்கம்மா"ன்னா. போகலன்னேன். பக்கத்து மேசைக்காரங்ககிட்ட சொன்னேன், உள்ள சமைக்கறது எம் பொண்ணு, பெத்தவளைப் பாக்கமாட்டேங்கறான்னு. உள்ளதைத்தானே சொன்னேன்? அவங்கெல்லாம் எனக்காக எவ்வளவு வருத்தப்பட்டாங்க தெரியுமா. ஒரு அம்மா உள்ள போய் அவளுக்குப் புத்தி சொல்லிட்டே வந்தாங்க.

அப்புறம் ஒரு நாள் தட்டு வந்துது. வாயில வெச்சேன். எல்லாம் இருக்கு. கொத்தின காய், இலை, கடலை. ஆனா ஆள் இல்ல. எப்படிச் சொல்றது... சாவு வீட்டுல செத்தவங்க சட்டை ஆணியில தொங்குமே, அது மாதிரி. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன். "எங்க போனா?"ன்னேன். "தெரியாதும்மா. எங்களுக்குச் செஞ்சு காட்டிட்டுப் போயிட்டாங்க"ன்னா. சொல்லிட்டு அது அழுதுது. என்னைப் பாத்து ஏன் முறைச்சுதுன்னுதான் தெரியல.

மெனு கார்டைக் கொண்டாரச் சொன்னேன். அன்னிக்குத்தான் ஒழுங்காப் பாத்தேன். அந்தச் சாலட்டுக்கு அவ பேரையே போட்டிருந்தாங்க. செலின் சாலட். கல்லறையில பேரு எழுதினாப்பல இருந்துது எனக்கு. கையால தடவித் தடவிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இப்போ கொடைக்கானல். ஒஃபேலியா போன்ல காட்டினா, யாரோ ஊர் சுத்த வந்தவங்க போட்ட படம். தட்டு மட்டும்தான் தெரியுது. அதுல நார்த்த இலையை மயிர் மாதிரி அரிஞ்சிருக்கறதைப் பாத்தேன். கிளம்பிட்டேன்.

ஏரிக்கு மேல ஏறிப் போனா ஒரு சின்ன கஃபே. காலைல பனி இன்னும் விலகல. மலையில பப்பாளி எங்க? சவ்சவ்ல செஞ்சிருந்தா. அதையே அப்படிக் கொத்தி, நூல் நூலா. ஒரு வாய் வெச்சேன். ஐயோ, பப்பாளியை விட நல்லா இருந்துதும்மா! அவ அப்பா சாப்பிட்டிருக்கணும். நான் ஒளிஞ்சுக்கல, யாரையும் கூட்டிக்கிட்டு வரல. "சமைச்சவங்களைப் பாக்கணும், பாண்டிச்சேரியிலேருந்து அவங்க அம்மா வந்திருக்கேன்"னு சொல்லி அனுப்பினேன். பின்கதவு எங்கன்னு மட்டும் பாத்து வெச்சுக்கிட்டேன்.

அவளே வந்தாம்மா. இந்தத் தடவை ஓடல.

முடியை ஒட்ட வெட்டியிருக்கா. கையில எண்ணெய் தெறிச்ச தழும்பு. எதிர்ல உக்காந்தா. "முட்டி வலி எப்படி இருக்கு?"ன்னு கேட்டா. பாத்தியா, மறக்கல! அப்படியேதான் இருக்குன்னேன். "எப்படிம்மா ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்கறே?"ன்னா.

"இதை வெச்சுத்தான்டி. நீ எங்க இருந்தாலும் இந்தத் தட்டு எனக்குச் சொல்லிடும்"னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன். அவ முகத்துல ரத்தமே இல்லாமப் போச்சு.

நான் மெதுவா ஆரம்பிச்சேன். அந்தப் பழைய மாப்பிள்ளை கதை முடிஞ்சு போச்சு, அதை நினைச்சு நீ பயப்படாதேன்னு சொன்னேன். அதைச் சொல்லத்தானே முக்கியமா வந்தேன். அப்புறம் பையிலேருந்து போட்டோவை எடுத்தேன். இது வேற பையன், ரீயூனியன் தீவுல இருக்கான், அதுவும் பிரான்ஸ்காரன் ஊர்தான். மனைவி தவறிட்டா, தங்கமான பையன். மேசை மேல வெச்சேன். அவ அதைத் திருப்பிப் போட்டா. "என் சர்ட்டிபிகேட்டைக் கொண்டாந்தியா?"ன்னு கேட்டா.

"வீட்டுல பத்திரமா இருக்கு. வா, தரேன்"னேன்.

சிரிச்சா. அவ சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு. எனக்கும் சிரிப்பு வந்துது. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் பாத்தா அவ மட்டும் நிறுத்திட்டா.

எழுந்து போனா. அங்க சுவத்துல ஒரு கரும்பலகை, அன்னன்னிக்கு என்ன இருக்குன்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கும். அவ மணிக்கட்டால ஒரு வரியை அழிச்சா. கூட வேலை செய்யறவன் ஓடி வந்து, "என்ன செலின், அதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க"ன்னான். "இனிமே கிடையாது"ன்னா. திரும்ப வந்து என் பக்கத்துல உக்காந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அம்மா, இதை இனிமே நான் எங்கயும் செய்யமாட்டேன்"னா.

"ஏன்டி? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அப்பா குடுத்ததுன்னு எனக்கு இது ஒண்ணுதான் இருந்துது. அதனாலதான் இத்தனை நாள் விட முடியல. போதும்மா."

அவ கண்ணுல தண்ணி. பாவம், ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்பச் செஞ்சு அலுத்துப் போச்சு போல. நான் தட்டுல மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடிச்சேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா.

அவதான் பஸ் ஏத்தி விட்டா. தலைக்குச் சால்வை கட்டி விட்டா, குளிருமேன்னு. நீ பாத்திருப்பே, பஸ் கிளம்பற வரைக்கும் ஒரு பொண்ணு படிக்கட்டுக்கிட்டயே நின்னுதே, அவதான். கண்டக்டர்கிட்டகூட என்னமோ சொன்னா. பாசம் இல்லாமயா அவ்வளவு நேரம் நிப்பா? நான் இறங்கிடப் போறேனோன்னு நின்னாளோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. சே, சே. அப்படி இருக்காது. பெத்த பொண்ணு.

ஆனா ஒண்ணு சொல்றேன் கண்ணு. இந்த வளைவெல்லாம் இறங்க இறங்க எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது. மலையால இல்ல. இதுவரைக்கும் அவ ஓடினாலும், அவ வெச்சுட்டுப் போன தட்டு எங்கயாவது இருந்துது. போய் உக்காந்தா கிடைக்கும். இனிமே நான் ஒரு கஃபேல போய் உக்காந்து என்னன்னு கேப்பேன்?

வேற ஏதாவது செய்வாதானே? சமையக்காரி செய்யாம இருப்பாளா? கை மாறாதில்ல? அதையே யோசிச்சுக்கிட்டு வரேன், ஏறினதுலேருந்து. அவ வேற என்ன நல்லா செய்வா, அவளுக்கு என்ன பிடிக்கும், சின்ன வயசுல எதைக் கேட்டு அழுவா. மீனா, கறியா, இனிப்பா... எவ்வளவு யோசிச்சாலும் அந்த இடத்துல ஒண்ணுமே வரமாட்டேங்குது. பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா? லூசியனைக் கேக்கலாம்னா அவன் போனை எடுக்கமாட்டான்.

நீ ஏம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே? உனக்கும் வயித்தைப் பிரட்டுதா?